மரபணுவின் வேகம் வண்ணத்துப்பூச்சிகளைக் காப்பாற்றுமா?

செங்கதிர்:
சூழல் மாறினால் பூச்சிகள் கூட்டங்கூட்டமாக அழிந்தே தீரும் என்ற கருத்தை என்னால் ஏற்க முடியவில்லை. சமோவாவின் சவாயி தீவில் ஹைபோலிம்னாஸ் பொலினா என்னும் வண்ணத்துப்பூச்சியின் ஆண் கருக்களை வொல்பாக்கியா என்ற பாக்டீரியா கொன்றுவந்தது. 2001இல் அங்கே நூற்றுக்கு ஒரு பூச்சிதான் ஆண். 2006இலோ ஆண் பூச்சிகள் ஏறத்தாழ 40 விழுக்காடு. பாக்டீரியா அங்கேயேதான் இருந்தது. அதன் வேலையை முடக்கும் மரபணு வடிவம் சுமார் பத்தே தலைமுறைகளில் பரவிவிட்டது. இவ்வளவு வேகம் உடைய உயிர்களுக்காக நாம் ஏன் இத்தனை அஞ்ச வேண்டும்?

தும்பி:
வேகத்தை நான் மறுக்கவில்லை, செங்கதிர். அந்த மரபணு வடிவம் தேவைப்பட்ட நேரத்தில் கைக்கு எட்டும் இடத்தில் இருந்ததா என்பதே என் கேள்வி. எல்லோரும் எடுத்துக்காட்டும் புள்ளி அந்துப்பூச்சியையே பாருங்கள். கரிய வடிவம் 1848இல் மான்செஸ்டரில் பதிவாயிற்று; 1895இல் அவ்வூரில் 98 விழுக்காடு கரியவை. கார்டெக்ஸ் என்ற மரபணுவுக்குள் ஏறத்தாழ 22,000 கார இணைகள் (டி.என்.ஏ.வின் எழுத்து இணைகள்) நீளமுள்ள, இடம் தாவும் டி.என்.ஏ. துண்டு ஒன்று புகுந்ததே காரணம் என 2016இல் கண்டறிந்தார்கள். அது புகுந்த காலம் 1819ஐ ஒட்டியது என்றும் கணித்தார்கள். மரங்களைக் கருக்கிய ஆலைப் புகைக்கரி அந்த மாற்றத்தை உண்டாக்கவில்லை. தற்செயலாக நேர்ந்ததைப் பறவைகளின் கண்ணிலிருந்து மறைத்துப் பெருகவிட்டது, அவ்வளவே. சான்பிரான்சிஸ்கோவின் மணற்குன்றுகளில் வாழ்ந்த செர்செஸ் நீலன் என்னும் வண்ணத்துப்பூச்சி 1940களில் நகரம் பெருகியதால் மறைந்தது. மணலே இல்லாமற்போனபின் எந்த மரபணு கைகொடுத்திருக்கும்?

செங்கதிர்:
வாழிடமே போனால் வழியில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எல்லாவற்றையும் தற்செயல் என்று ஒதுக்காதீர்கள். ஹவாயின் கவாய் தீவில் ஆண் சுவர்க்கோழியின் பாட்டைக் கேட்டே அதைத் தேடிவந்து, உடலைத் துளைத்து உண்ணும் புழுக்களை விட்டுச்செல்லும் ஈ ஒன்று உண்டு. இருபதுக்கும் குறைவான தலைமுறைகளில் அங்குள்ள ஆண்களில் பெரும்பாலானவை ஊமையாகிவிட்டன: உரசினால் ஒலியெழுப்பும் அரம் போன்ற நரம்பு சிறகில் ஏறக்குறைய மறைந்து, சிறகு தட்டையாகிவிட்டது. ஒவாகு தீவிலும் இதுவே நேர்ந்தது, அதுவும் வேறொரு மரபணு மாற்றத்தின் வழியாக. ஒரே நெருக்கடிக்கு இரண்டு தனித்தனி விடைகள்!

அல்லி:
இடையில் ஒரு சொல். மாறுவதெல்லாம் மரபணு மாற்றம் அன்று. ஆப்பிரிக்காவின் பைசைக்ளஸ் அனினானா என்னும் வண்ணத்துப்பூச்சியில் புழுப்பருவ வெப்பமே சிறகின் கண்புள்ளிகளை மழைக்காலத்துக்குப் பெரிதாகவும் வறட்சிக்குச் சிறிதாகவும் ஆக்குகிறது, மரபணு அதுவேதான். இரண்டையும் கலந்து பேசினால் வாதம் தடுமாறும்.

தும்பி:
நல்ல திருத்தம், அல்லி. செங்கதிர், ஊமைச் சுவர்க்கோழி இணையைத் தேட இன்னும் பாடிக்கொண்டிருக்கும் சிலவற்றின் அருகே போய் நிற்க வேண்டியிருக்கிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். தகவமைப்பே பொறியாகிவிட்ட ஒரு கதையும் உண்டு. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது. நெவாடாவின் ஒரு மேய்ச்சல் புல்வெளியில் எடித் கட்டப்புள்ளி வண்ணத்துப்பூச்சியின் பெண், இலையில் அமர்ந்து முன்கால்களால் தட்டிச் சுவையறிந்து, வயிற்றை வளைத்து இலையடியில் அழுத்திப் பார்த்த பிறகே முட்டையிடும். கோடையில் சீக்கிரம் காய்ந்துவிடும் காலின்சியாவே அதன் பழைய உணவுச்செடி. கால்நடைகளோடு வந்த வாழையிலைப்பூண்டு வகை ஒன்று நெடுநாள் பசுமையாக நின்றதால் புழுக்கள் அதில் நன்றாகப் பிழைத்தன. தலைமுறை தலைமுறையாகத் தாய்ப்பூச்சிகளின் விருப்பமும் மரபளவிலேயே அந்தப் புதுச்செடிக்கு மாறியது. பிறகு மேய்ச்சல் நின்றது, புல் உயர்ந்து செடியை மூடியது, நிழலில் இலைகள் குளிர்ந்தன, அந்தக் கூட்டம் முழுவதும் மடிந்தது. பழைய செடி அங்கேயே இருந்தும் அதை நாடும் பூச்சி ஒன்றுகூட மிஞ்சவில்லை.

செங்கதிர்:
இதை நான் இப்படி எண்ணிப் பார்த்ததில்லை; வேகம் மட்டும் போதாது என்பதை ஏற்கிறேன். ஆனால் அந்தப் புல்வெளியில் சில ஆண்டுகளுக்குப் பின் அதே இனம் மீண்டும் குடியேறி, இம்முறை காலின்சியாவையே உண்டது அல்லவா? மரபணு வகைகள் இன அளவில் தொலைந்துபோகவில்லை என்றுதானே பொருள்?

தும்பி:
ஆம், காலின்சியாவை விட்டுவிடாத கூட்டங்கள் வேறிடங்களில் உயிரோடு இருந்ததால்தான் அது நடந்தது. செர்செஸ் நீலனுக்கு அப்படி ஒரு கூட்டமும் எஞ்சியிருக்கவில்லை.