மதர்போட் ரெயிட்: நல்ல டிஸ்க்கை "ஃபெயில்ட்" எண்டு காட்டுது, என்ன செய்யலாம்?

இரணைமடு
கிளிநொச்சியில ஸ்டூடியோக் கொம்பியூட்டர் ஒண்டு. 4 டிபி டிஸ்க் ரெண்டு, மதர்போட்டில ரெயிட் 1 (ரெண்டு டிஸ்க்கிலயும் ஒரே பிரதியை எழுதிற முறை). மாதத்தில ரெண்டு மூண்டு தரம் ஒரே டிஸ்க்கை "ஃபெயில்ட்" எண்டு விலக்கிப்போடுது. கழட்டி வேற கொம்பியூட்டரில முழுக்க ஸ்கான் பண்ணினால் ஒரு பிழையும் இல்லை. திருப்பிச் சேர்த்தால் கொஞ்ச நாள் ஓடும், பிறகும் அதேதான். புது டிஸ்க் வாங்கத்தான் வேணுமோ? கலியாண வீட்டுப் படங்கள் எல்லாம் இதிலதான் கிடக்கு.

முறிகண்டி
வாங்க முதல் பொறுங்கோ அண்ணை. "ஃபெயில்ட்" எண்டால் டிஸ்க் செத்துப்போச்சு எண்டு கட்டாயமில்லை, கேட்ட நேரத்துக்குள்ள பதில் வராட்டியும் அப்பிடிக் காட்டும். வயர், கரண்ட், டிஸ்க் மூண்டில எது பிழை எண்டு பிரிச்சுப் பாக்கவேணும்.

முதல் வேலை, ஒழுங்கா ஓடுற டிஸ்க்கில இருக்கிற படங்களை வெளி டிஸ்க் ஒண்டுக்கு எடுங்கோ. ரெயிட் 1 பக்கப் இல்லை. நீங்கள் அழிச்சால் ரெண்டிலயும் அழியும்.

பிறகு கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ எண்ட, டிஸ்க்கின்ர நிலையைக் காட்டுற மென்பொருளைத் திறவுங்கோ. எண்ணெல்லாம் பதினாறடிமானத்தில வரும். ஃபங்ஷன், அட்வான்ஸ்ட் ஃபீச்சர், ரோ வல்யூஸ் போய் 10 எண்டு மாத்தினால் வாசிக்கலாம். 05, சி5, சி6 (மூண்டும் கெட்ட செக்டர், அதாவது தரவு எழுதிற துண்டுகள் பற்றின கணக்கு), சி7 (தொடுப்பில வந்த பிழை) நாலையும் இங்க போடுங்கோ.

இரணைமடு
05, சி5, சி6 மூண்டும் 0. சி7 312. மற்ற டிஸ்க்கில சி7 0.

முறிகண்டி
அப்ப தட்டில பிழை இல்லை. சி7 எண்டுறது டிஸ்க்குக்கும் மதர்போட்டுக்கும் இடையில தரவு பழுதாகி வந்த தரம். அநேகமா சாட்டா வயர் (டிஸ்க்கில இருந்து மதர்போட்டுக்குத் தரவு போற வயர்). கொம்பியூட்டரை நிப்பாட்டி, கிளிப் உள்ள புது வயர் போடுங்கோ. கூர்மையா மடக்காதேங்கோ, பவர் வயரோட சேர்த்து இறுக்கிக் கட்டாதேங்கோ. பழைய வயரைக் குப்பையில போடுங்கோ, இல்லாட்டி இன்னொரு மெசினில அதே தலையிடி வரும். சி7 குறையாது. 312 எண்டு எழுதி வைச்சு, கூடுதோ எண்டு மட்டும் பாருங்கோ. கூடினால் ரெண்டு டிஸ்க்கும் மதர்போட்டில செருகியிருக்கிற சாட்டா இடங்களை மாத்திக் குடுங்கோ. பிழை டிஸ்க்கோட போகுதா, செருகிற இடத்தோட நிக்குதா எண்டு தெரியும். இன்டெல் ரெயிட்டில விபரம் டிஸ்க்கிலயே எழுதியிருக்கு, செருகிற இடம் மாறினாலும் பிரச்சினை இல்லை.

மாங்குளம் சந்தி
வயரோட பவரையும் பாருங்கோ. மொலெக்ஸில (பழைய நாலு முள் பவர் செருகி) இருந்து சாட்டாவுக்குப் பிரிக்கிற வயர் இருந்தால் எடுத்துப்போட்டு, பவர் சப்ளையில இருந்து நேர குடுங்கோ. வோல்டேஜ் விழேக்க டிஸ்க் ஒரு கணம் நிண்டு எழும்பினாலே ரெயிட் அதை விலக்கிப்போடும். யூபிஎஸ் இல்லாமல் ரெயிட்டில ரைட்-பேக் கேஷ் (தரவைக் கொஞ்சம் மெமரியில வைச்சுப் பிறகு டிஸ்க்கில எழுதிறது) போடவே கூடாது. இன்டெல் ஆர்எஸ்டி (இன்டெல் ரெயிட்டை நடத்துற மென்பொருள்) எண்டால் லிங்க் பவர் மனேஜ்மன்டையும் (கரண்ட் மிச்சம்பிடிக்க டிஸ்க் தொடுப்பைத் தூங்கவிடுறது) நிப்பாட்டிவிடுங்கோ.

இன்னொண்டு, பின்னேரம் கடை பூட்டேக்க சுவரில சுவிச்சை நிப்பாட்டுற பழக்கம் இஞ்ச எல்லாருக்கும் இருக்கு. அப்ப மணிக்கூட்டை சிஆர்2032 பற்றரிதான் ஓட்டும், கெதியாத் தேயும். பற்றரி செத்தால் பயோஸ் (மதர்போட்டின்ர அமைப்பு மெனு) பழைய நிலைக்குப் போய் ரெயிட் ஏஎச்சிஐ (ரெயிட் இல்லாத சாதாரண முறை) ஆகலாம். திகதி பிழையாக் காட்டினால் விண்டோஸுக்குள்ள போகாமல் பயோஸில திருப்பி ரெயிட் எண்டு மாத்துங்கோ.

முறிகண்டி
சரி, அதோட டிஸ்க் என்ன வகை எண்டும் பாருங்கோ. சாதாரண டெஸ்க்டொப் டிஸ்க் கெட்ட செக்டர் ஒண்டில மாட்டினால் ஒரு நிமிசத்துக்கு மேலயும் வாசிக்கப் பாத்துக்கொண்டு நிக்கும். ரெயிட் அவ்வளவு நேரம் பொறுக்காது. நாஸ் டிஸ்க்குகள் (நெட்வேர்க் சேமிப்புப் பெட்டிக்கெண்டு செய்தது) 7 செக்கன் அளவில கைவிட்டுப் பதில் சொல்லும். உங்கட சி5 0, அதால இப்போதைக்கு இது காரணமில்லை. பிறகு வாங்கினால் நாஸ் டிஸ்க், அதிலயும் எஸ்எம்ஆர் (தடங்களை ஒண்டுக்கு மேல ஒண்டு படிய எழுதிறது, ரீபில்ட் மெதுவாகும்) இல்லாததாப் பாத்து வாங்குங்கோ. வெஸ்டேர்ன் டிஜிட்டலின்ர டபிள்யூடி40ஈஎஃப்ஏஎக்ஸ் மொடல் நாஸுக்கான "ரெட்" எண்டு இருந்தாலும் எஸ்எம்ஆர்தான்.

இரணைமடு
வயர் மாத்தியாச்சு. திருப்பிச் சேர்க்க எதை அமத்திறது?

முறிகண்டி
விண்டோஸுக்குள்ள ஆர்எஸ்டியில அந்த டிஸ்க்கை நோமலுக்குத் திருப்புங்கோ, ரீபில்ட் (நல்ல டிஸ்க்கில இருந்து திருப்பிப் பிரதி எடுக்கிறது) தொடங்கும். கொம்பியூட்டர் எழும்பேக்க வாற கன்ட்ரோல்-ஐ மெனுவில "ரீசெட் டிஸ்க்ஸ் டு நொன்-ரெயிட்" எண்டு இருக்கும், அதைத் தொடவே வேண்டாம், ரெயிட் விபரம் அழியும். விலக்கின டிஸ்க்கைத் தனியாப் போட்டும் ஓட்டாதேங்கோ, அதில பழைய பிரதிதான் இருக்கு. சீரியல் இலக்கத்தைப் பாத்து டேப் ஒட்டி வையுங்கோ. 4 டிபிக்கு செக்கனுக்கு 120 எம்பி எண்டாலும் 9 மணித்தியாலத்துக்கு மேல போகும். இடையில கரண்ட் போனால் ஒழுங்கா நிப்பாட்டுங்கோ, திரும்பப் போடேக்க விட்ட இடத்தில இருந்து ஓடும்.