டூரிஸ்ட் போட்டுக்கு ஐஎஸ்எம் (பெரிய கப்பலுக்கான சர்வதேச சேஃப்டி கோட்) மாதிரி சேஃப்டி சிஸ்டம் வேணுமா?

ராயபுரம்_ராஜா:
அண்ணன்மாரே ஒரு டவுட்டு. ஈசிஆர் பக்கம் டூரிஸ்ட் போட் விடுற ஒரு கம்பெனில புதுசா சேர்ந்திருக்கேன், சேஃப்டி மேனேஜ்மென்ட் சிஸ்டம் ரெடி பண்ணுன்னு ஓனர் ஏதோ பெரிய கப்பல் கம்பெனி மேனுவலை பிடிஎஃப்ல அனுப்பி பேரை மட்டும் மாத்திடுங்கிறாரு. நமக்கு இது சட்டப்படி கட்டாயமா?

பழைய_செகண்ட்_இன்ஜினியர்:
கட்டாயம் இல்ல தம்பி. ஐஎஸ்எம் கோட், சோலாஸ்ங்கிற சர்வதேச கப்பல் பாதுகாப்பு ஒப்பந்தத்தோட 9வது சாப்டர்ல வருது, வெளிநாடு போற பயணிகள் கப்பலுக்கு 1998 ஜூலை 1லேர்ந்து. பேக்வாட்டர் போட்டுக்கு நீ பாக்க வேண்டியது 2021 இன்லேண்ட் வெசல்ஸ் ஆக்ட், சர்வே, ரெஜிஸ்ட்ரேஷன், இன்சூரன்ஸ் எல்லாம் அதுல இருக்கு.
ஆனா அந்த கோட் ஏன் வந்துச்சுன்னு தெரிஞ்சா பேரை மாத்தி ஒட்டுற வேலைய நீயே விட்டுடுவ. 1987 மார்ச்ல ஹெரால்ட் ஆஃப் ஃப்ரீ என்டர்பிரைஸ்னு ஒரு ஃபெர்ரி, பெல்ஜியத்துல ஜீப்ரூக் துறைமுகத்துலேர்ந்து முன்பக்க கதவை மூடாமயே கிளம்பிடுச்சு, 193 பேர் போய்ட்டாங்க. மூட வேண்டிய ஆளு கேபின்ல தூங்கிட்டு இருந்தாரு. கதவு மூடியிருக்கா இல்லையான்னு கேப்டன் நின்னு கப்பல் ஓட்டுற பிரிட்ஜ்ல காட்ட ஒரு லைட்டு போடுங்கன்னு கேப்டனுங்க முன்னாடியே கேட்டிருக்காங்க, ஆபீஸ்ல கிண்டல் பண்ணி விட்டுட்டாங்க. அதனாலதான் கப்பல்ல இருக்கறவன் குரல் மேல வரைக்கும் போகணும்னு கரையில டிபிஏன்னு (டெசிக்னேட்டட் பெர்சன் அஷோர்) ஒருத்தரை கோட்ல வெச்சாங்க.

காசிமேடு_கண்ணன்:
அண்ணன் சொன்னது கரெக்ட்டு. அமெரிக்காவுல கான்செப்ஷன்னு ஒரு டைவிங் போட், 2019ல ராத்திரி தீப்பிடிச்சு கீழ தூங்கிட்டு இருந்த 34 பேர் செத்தாங்க, ராத்திரி ரோந்து சுத்த ஆள் வெக்கணும்னு ரூல் இருந்தும் யாரும் சுத்தல. பேப்பர்ல இருந்து என்ன பிரயோஜனம்?
நீ ஜெட்டில நின்னு தலைய எண்ணு, கவுன்டர்ல கிழிச்ச டிக்கெட்டை எண்ணாத. மடியில உக்கார்ற குழந்தைக்கு டிக்கெட் கிடையாது, அது எந்தக் கணக்குலயும் வராது, ஆனா அதுக்கும் சைஸுக்கு ஏத்த லைஃப் ஜாக்கெட் வேணும்ல? பெரிய ஜாக்கெட்டை மாட்டினா தண்ணில விழுந்ததும் தலை வழியா கழண்டுடும். 2023ல கேரளா தானூர்ல 22 பேர் போனாங்களே, அளவுக்கு மீறி ஏத்தினதுதான்.

ராயபுரம்_ராஜா:
அப்போ நம்மள மாதிரி சின்ன கம்பெனில டிபிஏ யாருண்ணே? ஓனரேவா?

பழைய_செகண்ட்_இன்ஜினியர்:
ஓனர் வேணாம், டிக்கெட் காசை எண்ணுறவரும் அவர்தானே. ஓனர்கிட்ட நேரா பேசற ஒருத்தர் இருக்கட்டும், அது நீயாவே இருந்தாலும் சரி. போட் ஓட்டுற சாரங்கை பக்கத்துல உக்கார வெச்சு எழுது, காத்து தூக்கினா எப்ப திரும்பணும், இன்ஜின் நின்னா யாருக்கு போன்னு அவருக்குத்தான் தெரியும், நாலு பக்கம் தாண்டாம பாத்துக்கோ. முக்கியமா, இன்னைக்கு போட் எடுக்க மாட்டேன்னு சாரங்கு சொன்னா சம்பளத்துல கை வெக்க மாட்டேன்னு ஓனர்கிட்ட கையெழுத்து வாங்கிக்கோ.

காசிமேடு_கண்ணன்:
காணும் பொங்கலுக்கு முன்னாடியே வாங்கிடு தலைவா, அன்னிக்கு வர்ற கூட்டத்தைப் பாத்தா ஓனர் பேனாவையே தொட மாட்டாரு 😄