லயத்தில் லைன் இல்லை, ஆராய்ச்சிக்கு வரிப்பணமா?

தோட்டத்துப்பிள்ளை:
மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் தோட்டம். லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், போன் லைன் சரியாகக் கிடைக்காது. ஜோகூரில் இருக்கும் பேத்தியை வீடியோவில் பார்க்க அம்மா கோயில் மேட்டுக்கு ஏறுவார். படம் உறைந்துவிடும், குரல் மட்டும் வரும். "வாயே அசையலையே சாமி" என்று போனைத் தட்டுவார். இந்த நிலைமையில் ஒலி, ஒளி ஆராய்ச்சிக்கு வரிப்பணத்தைக் கொட்டுவது நியாயமே இல்லை. முதலில் போன் கோபுரம் கட்டட்டும்.

பழைய ரேடியோ:
தம்பி, கோபுரம் வேண்டும், அதில் சண்டையே இல்லை. ஆனால் குரல் மட்டும் எப்படி வந்தது? குரலுக்குக் கொஞ்சம் தரவு போதும். வீடியோவில் பெரும்பாலும் முந்தைய படத்திலிருந்து மாறியதைத்தான் அனுப்புகிறார்கள். நடுவில் ஒரு துண்டு தொலைந்தால் பின்னால் வருவதும் கெடும். இதையெல்லாம் ஆராய்ச்சிதான் கண்டுபிடித்தது. காதுக்கு எட்டாததைக் கழித்துவிட்டுப் பாட்டைச் சுருக்கும் எம்பி3-ஐப் பாருங்கள். ஜெர்மனியில் எர்லாங்கன் பல்கலைக்கழகமும் பிரௌன்ஹோஃபர் ஆய்வுக்கழகமும் வளர்த்தெடுத்தது அது. 1987-இல் தொடங்கிய யுரேகா 147 என்ற ஐரோப்பியத் திட்டத்தின் பொதுப்பணமும் அதில் இருக்கிறது.

தோட்டத்துப்பிள்ளை:
சரி அண்ணே, அப்புறம் ஏன் 2017 வரை அதற்கு உரிமக் கட்டணம் வாங்கினார்கள்? மக்கள் காசில் பிறந்த பிள்ளைக்கு மக்களே மறுபடி காசு கட்டணுமா?

பழைய ரேடியோ:
அது நியாயமான கேள்வி. பொதுப்பணத்தில் செய்ததைத் திறந்துவிட வேண்டும் என்பதுதான் என் கட்சியும்.

தமிழ்ப்பள்ளி டீச்சர்:
2019-இல் அனலாக் டிவியை நிறுத்தியபோது நம் வீடுகளுக்கு வந்த டிகோடரை மறந்துவிட்டீர்களா? அதன் டிவிபி-டி2 என்ற டிஜிட்டல் ஒளிபரப்பு முறையில், வழியில் கெட்டுப்போன தரவைத் திருத்தும் கணக்கு 1960-இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ராபர்ட் கேலகர் எழுதிய முனைவர் பட்ட ஆய்விலிருந்து வந்தது. அன்றைய கணினிகளால் அதைப் போட முடியவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் சும்மா கிடந்தது! எந்த முதலாளி அவ்வளவு காலம் பொறுப்பார்?

என் ஆதங்கம் வேறு. வகுப்பில் ஒரு பிள்ளைக்குக் காது மந்தம். அவளுக்காகப் பேச்சை எழுத்தாக்கும் செயலியைப் போட்டேன். "பாசார் மாலாம்ல (இரவுச் சந்தையில்) வாங்கினேன்" என்று மலாய் கலந்து பக்கத்துப் பையன் சொன்னதும் திரையில் என்னென்னவோ வந்தது. அவள் என் முகத்தைப் பார்த்தாள். நம் தோட்டத்துப் பேச்சைச் சேகரித்துக் கணினிக்குப் பழக்க எந்தக் கம்பெனிக்கு லாபம்? அரசாங்கப் பல்கலைக்கழகம்தான் செய்யணும்.

தோட்டத்துப்பிள்ளை:
டீச்சர், அதற்கு நான் எதிரி இல்லை. குரல் பதிவு செய்ய வந்தால் எங்கள் லயத்துக்கு வரட்டும், அம்மா நாள் முழுக்கப் பேசுவார். ஆனால் மனு எழுதினால் முதல் வரியில் கோபுரம்தான் இருக்கணும்.