எக்ஸ்பாத்: // போதுமா, ஆக்சிஸ் பெயரை முழுசா எழுதணுமா?

வேலன்: எக்ஸ்எம்எல் ஆவணத்துக்குள் வேண்டியதைத் தேடி எடுக்கும் மொழி எக்ஸ்பாத். அதன் பாடம் எதைத் திறந்தாலும், 'எந்த ஆழத்தில் இருந்தாலும் தேடு' என்கிற // சுருக்கத்தோடுதான் ஆரம்பிக்கிறார்கள். புதியவர்களுக்கு அதை முதலில் காட்டவே கூடாது என்பது என் கட்சி. திருக்குறளை எக்ஸ்எம்எல்லாக, அதாவது ஒன்றுக்குள் ஒன்றாக டேக் போட்டு அடுக்கிய ஆவணமாக, வைத்துக்கொள்ளுங்கள்: 133 அதிகாரம், ஒவ்வொன்றிலும் 10 குறள். டேக் பெயர் தமிழிலேயே இருக்கலாம், எக்ஸ்எம்எல் ஏற்கும். //குறள்[1] கேட்டால் ஒன்று வராது, 133 வரும்! அந்த // விரியும்போது கடைசிப் படி சைல்டு::குறள்[1] (நேரடிப் பிள்ளைகளில் முதல் குறள்) ஆகிவிடுகிறது. அதாவது, ஒவ்வொரு அதிகாரத்திலும் முதல் குறள். /டிசென்டன்ட்::குறள்[1] (எல்லா ஆழத்துச் சந்ததியிலும் முதல் குறள்) என்றால் ஒன்றே ஒன்று. (:: குறிக்கு முன்னால் வருவதுதான் ஆக்சிஸ், எந்தத் திசையில் தேடுவது என்று சொல்வது. அதன் பெயரை இங்கே தமிழில் எழுதுகிறேன், நிரலில் ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும்.)

தாமரை: அதற்கு (//குறள்)[1] என்று அடைப்புக்குறி போட்டால் முடிந்தது. சுருக்க வடிவங்களை எக்ஸ்பாத்தின் 1999 தரநிலையே கொடுத்திருக்கிறது. நூல்/அதிகாரம்/குறள் என்பதில் மூன்று முறை சைல்டு:: சேர்த்துப் படித்துப் பாருங்கள், கண் வலிக்கும்.

வேலன்: அந்த அடைப்புக்குறிப் பழக்கம்தான் ஆபத்து. முதல் அதிகாரத்தின் 5ஆம் குறளில் நிற்கிறோம். ப்ரிசீடிங்-சிப்லிங்::குறள்[1] கேட்டால் 4ஆம் குறள், ஏனென்றால் தனக்கு முன்னால் உள்ள உடன்பிறப்புகளை அந்த ஆக்சிஸ் பின்னோக்கி எண்ணும். (ப்ரிசீடிங்-சிப்லிங்::குறள்)[1] என்றால் ஆவண வரிசைக்குத் திரும்பி 1ஆம் குறள் வரும். பிழைச்செய்தி எதுவும் வராது, தவறான விடை சத்தமில்லாமல் போய்ச் சேரும்.

தாமரை: சரி, அது நியாயம். ஆனால் அந்த ஆக்சிஸுக்குச் சுருக்கமே கிடையாதே, எல்லோரும் முழுசாகத்தான் எழுதுகிறார்கள். ஆட்கள் நிஜமாகத் தடுமாறுவது நோடு டெஸ்டில், அதாவது :: குறிக்குப் பின்னால் எது வேண்டும் என்று சொல்லும் பகுதியில். சைல்டு::* எலிமென்ட்டை (டேக் போட்ட பகுதியை) மட்டும் தரும். குறளின் வரி வேண்டுமென்றால் டெக்ஸ்ட்() கேட்க வேண்டும். அதே நட்சத்திரம் @* என்று வந்தால் அட்ரிபியூட்டை (டேகுக்குள் எழுதும் பண்பை) தரும். சைல்டு::நோடு() எலிமென்ட், உரை, குறிப்பு (கமென்ட்) எல்லாவற்றையும் அள்ளும், ஆனால் எண்="5" என்ற அட்ரிபியூட்டைத் தொடாது. அப்புறம், எல்லாவற்றையும் சூழ்ந்த வெளி டேகில் யாராவது டீஃபால்ட் நேம்ஸ்பேஸ் (முன்னொட்டில்லாத டேக் பெயர்கள் எல்லாம் சேரும் பெயர்வெளி) சேர்த்துவிட்டால், எக்ஸ்பாத் 1.0இல் //குறள் வெறுங்கையோடு திரும்பும். உங்கள் டிசென்டன்ட்::குறள் மட்டும் என்ன கொண்டுவரும்?

கணியன்: நேம்ஸ்பேஸில் தாமரை பக்கம்தான் நான். அதைச் சமாளிக்க நேம்ஸ்பேஸையே பார்க்காத *[லோக்கல்-நேம்()='குறள்'] என்று ஒப்பேற்றாதீர்கள். அந்த நேம்ஸ்பேஸுக்கு 'தி' போல ஒரு முன்னொட்டைப் பதிவு செய்து தி:குறள் என்று கேளுங்கள்.

வேலன்: நட்சத்திரம் ஓரிடத்தில் எலிமென்ட், இன்னோரிடத்தில் அட்ரிபியூட் என்று மாறுவதே ஆக்சிஸால்தான், தாமரை. ஆக்சிஸ் புரியாதவருக்கு நோடு டெஸ்டை எப்படிச் சொல்லிக்கொடுப்பீர்கள்? புரிந்த பிறகு // தாராளமாகப் போடட்டும்.