டெஸ்டை முதலில் எழுதினால் பிழை குறையுமா? யாராவது அளந்து பார்த்திருக்கிறார்களா?

நாகமலை:
கே.கே. நகரில் ஆறு பேர் வேலை பார்க்கும் சின்ன ஆபீஸ் எங்களுடையது. கடைகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் எழுதுகிறோம். போன மாதம் விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக் கடையில், திரும்பி வந்த சேலைக்கு ஜிஎஸ்டி இரண்டு தடவை கழிந்துவிட்டது. ராத்திரி கல்லா எண்ணும்போது கணக்குப் பார்க்கிற அக்காதான் கண்டுபிடித்தார். இனி டெஸ்டை, அதாவது நிரல் சரியாக வேலை செய்கிறதா என்று சோதிக்கும் சின்ன நிரலை, நிரலுக்கு முன்பே எழுதலாம் என்கிறேன். சீனியர் அண்ணன், நேரம்தான் போகும் என்கிறார். இரண்டு பேரிடமும் ஆதாரம் இல்லை.

வைகைக்கரை:
2008இல் ஓர் ஆய்வு வந்தது. மைக்ரோசாஃப்டில் மூன்று டீம், ஐபிஎம்மில் ஒன்று. இந்த முறையில் எழுதாத அதே மாதிரி புராஜெக்ட்களோடு ஒப்பிட்டால், வெளியீட்டுக்கு முந்தைய பிழைகள் 40 முதல் 90 சதவீதம் வரை குறைவு. ஆரம்ப வேலைக்கு 15 முதல் 35 சதவீதம் கூடுதல் நேரம். அது அவர்களே சொன்ன உத்தேசக் கணக்கு. உங்கள் அண்ணன் சொல்வதும் சரிதான்.

திருமங்கலத்தான்:
தம்பி, அந்த எண்ணை அப்படியே கொண்டுபோய் மேசையில் வைக்காதீர்கள். எந்த நிரல் மொழியில் பிழை அதிகம் என்று, நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் 729 புராஜெக்ட்களை வைத்து 2014இல் ஓர் ஆய்வு வந்தது. எல்லோரும் மேற்கோள் காட்டினார்கள். 2019இல் வேறொரு குழு அதே தரவை எடுத்துத் திரும்பச் செய்தது. பிட்காயின் புராஜெக்ட்டில் .டிஎஸ் என்று முடியும் மொழிபெயர்ப்புக் கோப்புகளெல்லாம், அதே முடிவு கொண்ட டைப்ஸ்கிரிப்ட் என்ற மொழியின் நிரலாகக் கணக்கில் ஏறியிருந்தன! முதலில் 11 மொழிகளுக்குப் பிழையோடு இருப்பதாகச் சொன்ன தொடர்பு, கடைசியில் நான்குக்குத்தான் நின்றது. அதுவும் மிகச் சின்ன அளவில். இப்படித் திரும்பச் செய்து பார்ப்பதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

நாங்கள் அரிசி மில்களுக்கு எழுதுகிறோம். ஒரு கோடு போட்ட நோட்டில், வருகிற ஒவ்வொரு போனையும் எழுதினோம்: தேதி, எந்தத் திரை, என்ன தப்பு, சரிசெய்ய எவ்வளவு நேரம். பிரிண்டர்தான் வில்லன் என்று நினைத்திருந்தோம். நான்கு மாதம் கழித்துப் பார்த்தால், பெரும்பாலும் எடைக்கழிவும் ரவுண்ட்-ஆஃபும்தான். அந்த இரண்டுக்கு மட்டும் டெஸ்டை முதலில் எழுத ஆரம்பித்தோம். பிரிண்டரில் பேப்பர் சிக்குவதை எந்த டெஸ்டும் பிடிக்காது. டெஸ்ட் எழுத ஆன நேரத்தையும் அதே நோட்டில் எழுதுங்கள். இல்லையென்றால் பாதிக் கணக்குதான்.

நாகமலை:
நன்றி அண்ணே. இதைச் சீனியரிடம் காட்டினேன். நேரத்தை எழுதும் பொறுப்பைத் தானே எடுத்துக்கொள்கிறேன் என்றார். முதல் வரியில் அந்தச் சேலை பில்லை எழுதியிருக்கிறோம். ஒரு சந்தேகம்: கடைக்காரர் போன் பண்ணாமல் நாங்களே பிடித்த பிழையையும் இதே பக்கத்தில் எழுதலாமா, தனியாகவா?

திருமங்கலத்தான்:
தனியாக எழுதுங்கள். யார் பிடித்தார்கள் என்பதும் தெரிய வேண்டும்.