அன்னூர் சைட்டுக்குத் திருப்பூரில் வட்டம்: மனை விற்பனையும் சமூக ஊடக விளம்பரமும், உறுப்பினர் அனுபவங்கள்

அன்னூர் மனைக்காரர்

எங்கள் அப்பா அன்னூர், புளியம்பட்டி பக்கம் நிலம் வாங்கிச் சைட் பிரித்து விற்பவர். சுவரில் எழுதுவது, பஸ்ஸின் பின்புறம் ஒட்டுவது, செய்தித்தாளுக்குள் நோட்டீஸ் வைப்பது, இவைதான் அவர் அறிந்த விளம்பரம். போன வருடம் 42 சைட் கொண்ட மனைப்பிரிவு போட்டபோது, ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பரத்தை நான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னேன். அதில் பட்டதையும் கற்றதையும் இங்கே எழுதுகிறேன்.

விளம்பரம் யார் கண்ணில் பட வேண்டும் என்பதை வரைபடத்தில் புள்ளி வைத்து, சுற்றி வட்டம் போட்டுச் சொல்லலாம். 1.6 கிலோமீட்டர் முதல் 80 கிலோமீட்டர் வரை வட்டத்தை விரிக்கலாம். நான் சைட்டின் மேலேயே புள்ளியை வைத்து 30 கிலோமீட்டருக்கு விரித்தேன். அது மே மாதம். அந்த வட்டம் அங்கே குடியிருப்பவர்களை மட்டும் எடுப்பதில்லை, அண்மையில் அந்தப் பக்கம் வந்துபோனவர்களையும் சேர்த்தே எடுக்கிறது. அவினாசியில் பிரிந்து மேட்டுப்பாளையம் வழியாக ஊட்டிக்குப் போகும் சாலை எங்கள் ஊர் நடுவே ஓடுகிறது. கோடை விடுமுறைக்கு ஊட்டி போய்வந்த சென்னைக்காரர், சேலத்துக்காரர் கைப்பேசிகளில் எல்லாம் எங்கள் சைட் வந்து நின்றிருக்கிறது. பத்து நாளில் 18,000 ரூபாய் கரைந்தது. 160 தொலைபேசி எண்கள் கிடைத்தன. அழைத்தால், "சைட்டிலிருந்து மலை தெரியுமா?", "வாரக் கடைசியில் வந்து தங்க வீடு கட்டித் தருவீர்களா?" என்று கேட்டார்கள். நேரில் வந்தவை நான்கு குடும்பங்கள். ஒரு சைட்டும் போகவில்லை.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. முந்தைய மனைப்பிரிவின் விற்பனை நோட்டை எடுத்து என் முன்னால் வைத்தார். 36 சைட் யார் யாருக்குப் போனது, அவர்களுடைய சொந்த ஊர் எது, இப்போது எங்கே வேலை செய்கிறார்கள், எல்லாம் அவர் கையெழுத்தில் இருந்தது. அன்று இரவு அதை வரி வரியாகப் படித்தேன். 25 பேருக்குச் சொந்த ஊர் பொகலூர், பசூர், கஞ்சப்பள்ளி, கரியாம்பாளையம் என்று எங்கள் சுற்றுப்பக்கம்தான். ஆனால் வாங்கிய நாளில் அவர்களில் மிகச் சிலரே ஊரில் இருந்தார்கள். பாதிக்கு மேற்பட்டவர்கள் திருப்பூர் பனியன் கம்பெனிகளில் கட்டிங், தையல், செக்கிங் வேலையில் இருந்தார்கள். மீதிப் பேர் கோவை கணபதி பக்கம் லேத் பட்டறைகளில். பூமி இருக்கும் இடத்தைச் சுற்றி நான் வட்டம் போட்டிருந்தேன். அந்த மண்ணை அறிந்தவர்கள் குடிபோன இடத்தைச் சுற்றியல்லவா போட்டிருக்க வேண்டும்!

அடுத்த முறை சைட்டின் மேல் புள்ளியே வைக்கவில்லை. அனுப்பர்பாளையம், 15 வேலம்பாளையம், பெருமாநல்லூர், கோவையில் கணபதி, சின்னவேடம்பட்டி, ஒவ்வொன்றிலும் 3 கிலோமீட்டர் வட்டம். திருப்பூரில் சம்பளம் சனிக்கிழமை. அதனால் சனி மாலை முதல் ஞாயிறு மதியம் வரை மட்டும் விளம்பரம் ஓடும்படி வைத்தேன். நான் போட்டபோது, தினசரித் தொகை என்று கொடுத்தால் இப்படி மணிக்கணக்கு வைக்க முடியவில்லை. மொத்தத் தொகை, தொடங்கும் நாள், முடியும் நாள் என்று கொடுக்க வேண்டியிருந்தது.

படத்தையும் மாற்றினேன். முதலில் போட்டது டிரோன் காட்சியும் நுழைவாயில் வளைவும் பின்னணி இசையும். இரண்டாவது முறை அப்பாவையே போர்வெல் பக்கத்தில் நிறுத்தி மோட்டாரைப் போடச் சொன்னேன். தண்ணீர் விழுகிறது. எத்தனை அடியில் கிடைத்தது, சித்திரை மாதத்தில் எவ்வளவு நேரம் ஓடியது, பஸ் நிறுத்தத்துக்கு எத்தனை நிமிடம் நடக்க வேண்டும் என்று சொல்கிறார். 50 வினாடிதான். நம் பக்கத்தில் சைட் பார்க்க வருகிறவர் முதலில் கேட்பது தண்ணீரை. அதற்குப் பிறகுதான் திசை, சாலை, விலை எல்லாம். அதே 18,000 ரூபாய்க்கு இந்த முறை 58 எண்கள்தான் வந்தன. நேரில் 21 குடும்பங்கள் வந்தன. 9 சைட்டுக்கு அட்வான்ஸ் வாங்கினோம்.

ஆடி வந்ததும் நிறுத்திவிடலாம் என்றார் அப்பா. நிறுத்தாமல் வாசகத்தை மட்டும் மாற்றினோம்: "ஆடியில் வந்து பாருங்கள், ஆவணியில் பத்திரம்." பத்திரம் பதியத் தயங்குகிற மாதத்தில் பார்ப்பதற்கு யாரும் தயங்குவதில்லை.

இன்னொன்று. மனைப்பிரிவுக்கு ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின், பதிவு எண் கிடைப்பதற்கு முன்பே "விரைவில்" என்று ஒரு விளம்பரம் போட்டு முன்பதிவு வாங்கலாம் என்று மாமா சொன்னார். நான் மறுத்துவிட்டேன். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவைப் பதிவு செய்யாமல் விளம்பரம் செய்வதையே 2016-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. அபராதம் திட்ட மதிப்பில் 10 சதவீதம் வரை போகலாம். ஃபேஸ்புக்கில் போடுவதும் விளம்பரம்தான். பதிவு எண்ணும் ஆணையத்தின் இணைய முகவரியும் அதில் தெளிவாகத் தெரிய வேண்டும்.

திருப்பூர் தையல்காரி

அண்ணா, நீங்கள் வட்டம் போட்ட ஊரில்தான் நான் குடியிருக்கிறேன். அந்த வட்டத்துக்குள் இருப்பவளுக்கு என்ன நடக்கிறது என்று நானும் சொல்கிறேன்.

போன தை மாதம் ஒரு படத்தைத் தொட்டேன். ஒரு படிவம் திறந்தது. அதில் என் பெயரும் எண்ணும் முன்பே நிரம்பியிருந்தன. விலை தெரியும் என்று நினைத்து அடுத்த பொத்தானை அழுத்தினேன். விலை வரவில்லை. ஐந்து நிமிடத்தில் அழைப்பு வந்தது. அந்த வாரத்துக்குள் நான் கேள்விப்படாத மூன்று மனைப்பிரிவுகளிலிருந்தும் அழைத்தார்கள். என் எண்ணை யாரோ யாருக்கோ கொடுத்திருக்கிறார்கள். கம்பெனியில் மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது அழைப்பு, மேஸ்திரியிடம் திட்டு.

"திருப்பூருக்கு மிக அருகில்" என்று போட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பல்லடம் தாண்டியது, பொங்கலூர் தாண்டியது, குண்டடம் பக்கம் போய் நின்றது. பையன் வாந்தி எடுத்துவிட்டான். இதைத் திருப்பூருக்கு அருகில் என்றால், தினமும் எட்டரை மணிக்குக் கம்பெனி வாசலில் நிற்க வேண்டியவள் எப்படி நம்புவது? வீட்டுக்காரர் பதிவு எண்ணைக் கேட்டார். விண்ணப்பித்திருக்கிறோம், வந்துவிடும் என்றார்கள். அங்கேயே 50,000 ரூபாய் கட்டினால் விலை குறையும் என்றும் சொன்னார்கள். நாங்கள் கட்டவில்லை. அந்தப் பணம் நான் மூன்று வருடம் கட்டிய சீட்டுப் பணம்.

விலையும் அப்படித்தான். விளம்பரத்தில் "சென்ட் 1.99 லட்சம் முதல்" என்றிருந்தது. அந்த "முதல்" என்பது ஓடை ஓரத்தில் இருக்கும் ஒரே ஒரு சைட். மற்றவை எல்லாம் அதற்கு மேல். வாங்குகிற விலைக்கு மேல் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் இருக்கிறது, அதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. எங்களைப் போன்றவர்கள் 5 சென்ட் கேட்பதில்லை, இரண்டரை சென்ட் கேட்கிறோம். மொத்தம் எவ்வளவு ஆகும் என்று தெரிந்தால் கிளம்புவதா வேண்டாமா என்று வீட்டிலேயே முடிவெடுத்திருப்போம். அண்ணா, உங்கள் விளம்பரத்தில் விலை இருந்ததா?

துபாயில் ஒரு தாராபுரத்தார்

நான் 11 வருடமாக இங்கே இருக்கிறேன். போன மாதம் முழுவதும் என் திரையில் ஒரே விளம்பரம்: மூலனூர் பக்கம் பண்ணை நிலம், 25 சென்ட், முருங்கை வைத்துப் பராமரித்துத் தருகிறோம், "வெளிநாடு வாழ் நம் உறவுகளுக்கு மட்டும்". ஊர் மண்ணைப் பார்த்ததும் மனம் இளகிவிட்டது. அம்மாவிடம்கூடச் சொல்லிவிட்டேன்.

இந்த விளம்பரம் எனக்கு ஏன் வருகிறது என்று மூலையில் தொட்டுப் பார்க்கலாம். பார்த்தேன். முன்பு இந்தியாவில் வாழ்ந்து இப்போது அமீரகத்தில் இருப்பவர்கள் என்று என்னைக் குறிவைத்திருந்தார்கள். குறி மிகச் சரி. ஆனால் வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர் வீட்டுமனை வாங்கலாம், வீடு வாங்கலாம், கடை வாங்கலாம். விவசாய நிலத்தையும் பண்ணை வீட்டையும் விலைக்கு வாங்க அந்நியச் செலாவணி விதிகளில் இடமில்லை. தாத்தா, அப்பா வழியில் வாரிசாக வந்தால் அது வேறு. கணக்கர் நண்பர் ஒருவர் சொல்லித்தான் இது எனக்குத் தெரிந்தது. விற்பவரிடம் கேட்டேன். "உங்கள் அம்மா பெயரில் போட்டுக்கொள்ளுங்கள்" என்று பதில் வந்தது. ஆக, அவருக்கு விதி தெரியும். தெரிந்தே, எங்களுக்கு மட்டும் என்று எழுதி, எங்களைத் தேடிப் பிடித்துக் காட்டியிருக்கிறார். எனக்கு அதுதான் ஆறவில்லை.

வடவள்ளி விளம்பர வேலை

ஆறு வருடமாக மனை விற்பவர்களுக்கு இந்த விளம்பரங்களைச் செய்துகொடுக்கிறேன். தையல்கார அக்கா சொன்ன படிவத்துக்கு ஒரு மாற்று இருக்கிறது. தானாக நிரம்பும் பெயருக்கும் எண்ணுக்கும் கீழே, கையால் எழுத வேண்டிய ஒரு கேள்வியைச் சேர்த்துவிடுவேன். "பத்திரம் எந்த மாதம் பதிய எண்ணியிருக்கிறீர்கள்?" கடைசியில் ஒருமுறை சரிபார்த்து அனுப்பும் பக்கத்தையும் வைப்பேன். வருகிற எண்கள் பாதியாகக் குறையும். உரிமையாளர்கள் முதல் வாரம் கோபப்படுவார்கள். ஆனால் வேண்டாதவரை அழைக்கும் வேலை போய்விடும். வந்த எண்ணை இன்னொருவருக்குக் கொடுப்பவரிடம் நான் வேலை செய்வதில்லை.

நான் சொல்ல வந்தது வேறு. யாருக்குக் காட்டுவது என்ற பேச்சில், யாருக்குக் காட்டாமல் விடுவது என்பதும் அடங்கியிருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன் ஓர் உரிமையாளர், "நம்மவர்களுக்கு மட்டும் தெரிந்தால் போதும், மற்றவர்கள் வந்து கேட்டால் மறுப்பது சங்கடம்" என்றார். நேரில் மறுக்க வேண்டிய சங்கடத்தை இயந்திரத்தின் தலையில் கட்டிவிடலாம் என்பது அவர் எண்ணம். சில சங்கப் பக்கங்களின் பெயர்களையும் எழுதிக் கொடுத்தார். நான் முடியாது என்றேன். அந்த வேலை போனது. வாடகை வீடு தேடும்போது வாசலில் நிறுத்தி ஊரையும் பெயரையும் கேட்டு அனுப்பிய அனுபவம் எங்கள் வீட்டுக்கு உண்டு. அப்போதாவது மறுக்கப்பட்டது எங்களுக்குத் தெரிந்தது. விளம்பரமே கண்ணில் படாமல் போனால் மறுக்கப்பட்டதுகூடத் தெரியாது.

அமெரிக்காவில் இதை வைத்தே பெரிய வழக்குகள் நடந்தன. அங்கே வீட்டுவசதியில் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் 1968-லிருந்து இருக்கிறது. 2019-ல் ஏற்பட்ட சமரசத்துக்குப் பிறகு, அங்கே வீட்டு விளம்பரம் போடுபவர் வயது, பாலினம், அஞ்சல் குறியீடு பார்த்துத் தேர்ந்தெடுக்க முடியாதபடி ஃபேஸ்புக் மாற்றியது. 2022-ல் அரசுடன் இன்னொரு சமரசம் வந்தது. வாங்கியவரைப் போன்றவர்களைத் தேடித்தரும் ஒரு கருவியை வீட்டு விளம்பரங்களுக்கு நிறுத்த வேண்டியதாயிற்று. அன்னூர்க்காரர் சொந்த ஊரையும் வேலை செய்யும் ஊரையும் பார்த்து வட்டம் போட்டது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் பழைய நோட்டை வைத்தே எப்போதும் தேடினால், இதுவரை நம்மிடம் வாங்க வழியில்லாதவர்கள் இனிமேலும் அதில் ஏறமாட்டார்கள். ஐந்து வட்டத்தில் ஒன்றையாவது நோட்டில் இல்லாத இடத்தில் வையுங்கள்.

கோபி பத்திர எழுத்தர்

விளம்பரத்தைப் பார்த்துவிட்டு நேரே என்னிடம் பத்திரம் எழுத வருகிறார்கள். "பஞ்சாயத்து அப்ரூவல்" என்று போட்டிருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். மனைப்பிரிவுக்கு அனுமதி தருவது நகர் ஊரமைப்புத் துறை, ஊராட்சித் தலைவர் அல்ல. அனுமதியற்ற பழைய மனைகளை வரன்முறைப்படுத்தும் திட்டம்கூட 2016 அக்டோபர் 20-க்கு முன் போடப்பட்டவற்றுக்குத்தான். மலை தெரியும் சைட் என்று தொண்டாமுத்தூர்ப் பக்கம் காட்டினால், அந்தக் கிராமம் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் இருக்கிறதா என்று கேளுங்கள். தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா மூன்றையும் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் அட்வான்ஸ் வாங்க விற்பவர்களுக்கு உரிமையும் இல்லை. தம்பி, உங்கள் அப்பாவின் நோட்டைப் பத்திரமாக வையுங்கள்.

அன்னூர் மனைக்காரர்

அக்கா, நீங்கள் கேட்டதற்கு நேராகப் பதில் சொல்ல வேண்டும். எங்கள் விளம்பரத்தில் விலை இல்லை. பக்கத்து மனைப்பிரிவுக்காரர் பார்த்துக் குறைத்துவிடுவார் என்று அப்பா வேண்டாம் என்றார். நானும் அதை ஒப்புக்கொண்டிருந்தேன். நேற்று இரவு நீங்கள் எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டினேன். பையனுக்கு வேனில் உடம்புக்கு முடியாமல் போன இடத்தில், "விலை போட்டிருந்தால் அந்தப் பிள்ளை வீட்டில் விளையாடிக்கொண்டிருக்கும்" என்றார்.

இன்று காலை வாசகத்தை மாற்றிவிட்டேன். மேற்கு வரிசை சென்ட் 3 லட்சத்து 40 ஆயிரம், கிழக்கு வரிசை 3 லட்சத்து 75 ஆயிரம், முனைச் சைட் இரண்டு மட்டும் 4 லட்சம். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் தனி என்றும் எழுதியிருக்கிறேன். இரண்டரை சென்ட் சைட் எங்களிடம் ஆறு இருக்கிறது. திருப்பூரிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்பதை அனுப்பர்பாளையத்திலிருந்து சைட் வாசல் வரை வண்டியில் போய் அளந்து போடப்போகிறேன். ஆறாவது வட்டம் ஒன்றையும் சேர்க்கிறேன், சூலூரில். அங்கிருந்து வாங்கியவர் நோட்டில் ஒருவர்கூட இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வருவதென்றால் அன்னூர் பஸ் நிலையத்தில் இறங்கி ஓர் அழைப்பு கொடுங்கள். அப்பாவே வந்து கூட்டிப் போவார். அங்கிருந்து சைட் பத்து நிமிடம்.