மறு: ‘கல்ச்சுரல் டிஸ்ப்ளேஸ்மென்ட்’டுக்குத் தமிழ்ச்சொல்

அன்புள்ள குழுவினருக்கு,

ஒருவர் தன் பண்பாட்டு வேரிலிருந்து விலகி, எங்கும் பொருந்தாமல் நிற்கும் நிலையைத் திறனாய்வில் ‘கல்ச்சுரல் டிஸ்ப்ளேஸ்மென்ட்’ என்கிறார்கள். அதற்கான தமிழ்ச்சொல் பற்றி நீங்கள் எழுப்பிய கேள்விகளுக்கு என் பதில் இது.

> ‘பண்பாட்டு இடப்பெயர்வு’ என்று ஏற்கெனவே எழுதுகிறோமே, அது போதாதா?

போதாது, ஐயா. இடப்பெயர்வு என்றால் ஆள் ஓரிடம் விட்டு இன்னோரிடம் போயிருக்க வேண்டும். வி. எஸ். நைபாலின் ‘எ ஹவுஸ் ஃபார் மிஸ்டர் பிஸ்வாஸ்’ நாவலின் நாயகன் பிஸ்வாஸ் எங்கே போனார்? கரீபியன் தீவான டிரினிடாடில் இந்திய வம்சாவளியில் பிறந்து, அங்கேயே 46 வயதில் இறக்கிறார். கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாக இந்தியாவிலிருந்து கடல் கடந்தது முந்தைய தலைமுறை. இவர் தீவை விட்டு நகரவே இல்லை. ஆனாலும் தனக்கென்று ஒரு வீடு தேடியே ஆயுள் கழிகிறது. 1961இல் வந்த அந்த நாவலைப் பற்றி ‘இடப்பெயர்வு’ என்று எழுதினால் வாசகர் கப்பலைத் தேடுவார். ‘இடப்பெயர்ச்சி’யை இயற்பியல் பாடநூல் எடுத்துக்கொண்டது. வெறும் ‘பெயர்ச்சி’ என்றாலோ சனி பகவான் வந்து நிற்பார்.

> புலம்பெயர்வு?

அழகான சொல்தான். ஆனால் பட்டினப்பாலையில் புலம்பெயர் மாக்கள் ‘கலந்து இனிது’ உறைகிறார்கள். 2021இல் இலக்கிய நோபல் பெற்ற, சான்சிபாரில் பிறந்த எழுத்தாளர் அப்துல்ரசாக் குர்னாவின் ‘பை தி சீ’ நாவலில் அந்த இனிமை ஏது? கிழக்கு ஆப்பிரிக்கத் தீவான சான்சிபாரிலிருந்து இங்கிலாந்தின் கேட்விக் விமான நிலையத்தில் அகதியாக வந்து இறங்கும் சாலே ஒமர், ஆங்கிலம் தெரிந்தும் தெரியாதவர்போல் நிற்கிறார்; அவர் கொண்டுவந்த அகில் வைத்த பெட்டியைக் குடியேற்ற அதிகாரி எடுத்துக்கொள்கிறார். மேலும், புலம்பெயர்ந்தோர் என்ற சொல் இன்று ஈழத்தமிழர் வழக்கில் தனக்கென்று ஒரு பொருளோடு வேரூன்றிவிட்டது. அதைக் கலைக்க வேண்டாம்.

இன்னொரு சொல்லான ‘ஒட்டாமை’ எனக்கும் பிடித்தது. ஆனால் குறளில் ஒட்டார் என்றால் பகைவர். பிஸ்வாஸுக்கு யாரோடு பகை? (மாமியார் வீட்டைக் கணக்கில் சேர்க்கவில்லை.)

என் பரிந்துரை ‘பண்பாட்டு நிலைபெயர்வு’. கால் பெயராதவரும் நிலை பெயரலாம். பிஸ்வாஸ், ஒமர் இருவரும் இதற்குள் அடங்குவார்கள். இன்னொரு வசதி, தன்வினை பிறவினை இரண்டும் கையில் கிடைக்கின்றன. ‘நிலைபெயர்ந்தவர்’ என்றால் அவர் நிலைமை. ‘நிலைபெயர்த்தது’ என்றால் உடனே எது என்ற கேள்வி வரும். காலனியம் பற்றிய திறனாய்வில் அந்த எழுவாயை மறைக்காத சொல்தான் வேண்டும். ‘சான்சிபாரின் 1964 புரட்சி குர்னாவின் தலைமுறையை நிலைபெயர்த்தது’ என்று எழுதிப் பார்த்தேன், நெருடவில்லை.

‘நிலை’ என்பது பதவியையும் குறிக்குமே என்று யாராவது கேட்பீர்கள். ‘பண்பாட்டு’ என்ற அடைமொழி முன்னால் இருக்கும்வரை குழப்பம் வராது. தனித்து எழுதும்போது என்ன செய்வது என்பதற்கு மட்டும் உங்கள் கருத்து தேவை.